ஓரத்தில் நிற்கும் வண்டியைக் கடப்பது

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து வெளியே வரும் கன்டெய்னர் லாரிக்குப் பெரும்பாலும் இரண்டு சாலைகள்தாம். ஒன்று எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குப் போகும் 38-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. மற்றொன்று வாகைக்குளம், வல்லநாடு வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும் 138. இரண்டும் நான்கு வழிச் சாலைகள். இரண்டிலும் எந்நேரமும் ஓரத்தில் லாரி நிற்கும். துறைமுகத்துக்குள் போக முறை வருவதற்காக நிற்கும், டீக்காக நிற்கும், ஓட்டுநர் கண்ணயர்வதற்காக நிற்கும். டயர் வெடித்தும் நிற்கும், ஆக்சில் உடைந்தும் நிற்கும், மோதியும் நிற்கும்.

தினமும் அந்தச் சாலையில் போய்வருபவரின் கண்ணுக்கு இவை எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். லாரி ஓரமாக நிற்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பத்து லாரிகளில் ஒன்றின் அடியில் ஆள் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாலும் அதையும் சேர்த்தே கண் ஒதுக்கிவிடுகிறது.

2023 செப்டம்பர் 11 அதிகாலையில், திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே பெங்களூரு–சென்னை நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுலா வேன் பழுதாகி நின்றது. கர்நாடகத்தின் தர்மஸ்தலாவுக்குப் போய்விட்டு ஆம்பூர்ப் பக்கம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அதில் இருந்தார்கள். வேன் சரியாகும்வரை கீழே இறங்கி, அதற்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி, நின்றிருந்த வேனில் மோதியது. வேன் முன்னே தள்ளப்பட்டு, உட்கார்ந்திருந்தவர்கள் மேல் பாய்ந்தது. ஏழு பெண்கள் இறந்தார்கள்.

இது எங்கோ அபூர்வமாக நடப்பதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022-ஆம் ஆண்டு நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. அவற்றில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல், பின்னாலிருந்து மோதியதால் நேர்ந்தவை. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒரே ஒரு பழக்கத்தை. ஓரத்தில் விளக்கு மின்னுகிறது, ஆள் நடமாட்டம் தெரிகிறது, ஒரு வண்டி வழக்கத்துக்கு மாறான கோணத்தில் நிற்கிறது. இவற்றில் எது கண்ணில் பட்டாலும் முதலில் வேகம் குறைய வேண்டும். என்ன விஷயம் என்பதை அதற்குப் பிறகு தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலான ஓட்டுநர்கள் இதை மாற்றிச் செய்கிறார்கள். அது ஆம்புலன்ஸா, கிரேனா, சும்மா நிற்கும் லாரியா என்று உற்றுப் பார்த்துக்கொண்டே அதே வேகத்தில் போகிறார்கள். தெரிந்துகொள்ளும்போது பிரேக் பிடிக்க இடம் மிஞ்சுவதில்லை.

வண்டிக்கு மறுபக்கம்

நாற்பதடி கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லரில் டயர் மாற்றும் வேலை முழுவதும் தரையில்தான் நடக்கிறது. ஓட்டுநர் மண்டியிட்டு ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் தள்ளுகிறார். ஜாக்கிக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு. உப்பளத்தை ஒட்டிய ஓரமண் இளகலானது, சுமை ஏறினால் ஜாக்கி புதைந்துவிடும். நட்டைக் கழற்ற ஸ்பேனரில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, கிளீனர் அதன்மேல் ஏறி நின்று மிதிக்கிறார். துருப்பிடித்த நட்டு திடீரென இளகும்போது கால் தடுமாறி ஓரடி பின்னால் வைப்பார். வலப்பக்கச் சக்கரமாக இருந்தால் அந்த ஓரடி வெள்ளைக்கோட்டைத் தாண்டி, வண்டிகள் ஓடும் தடத்துக்குள் விழும். கழற்றிய டயர் ரிம்மோடு சேர்த்து நூறு கிலோ அளவுக்கு வரும். அது ஒருபக்கம் சாய்ந்தால் பிடித்து நிறுத்த முடியாது, விலகத்தான் முடியும். அவர் விலகக்கூடிய பக்கமும் சாலைதான்.

இவ்வளவும் நடக்கும்போது அவர்கள் முதுகு போக்குவரத்தைப் பார்த்து இருக்கிறது. பக்கத்தில் போகும் லாரிகளின் இரைச்சலில் தனக்கென்று அடிக்கப்படும் ஹாரன் எது என்று அவர்களால் பிரித்தறிய முடியாது. 108 ஆம்புலன்ஸின் மருத்துவ உதவியாளர், தீயணைப்பு வீரர், கிரேன்காரர், சுங்கச்சாவடியின் ரோந்து வண்டியில் வந்து கூம்பு வைக்கும் ஊழியர், நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ்காரர் என்று எல்லோர் நிலையும் இதுதான். வேலையில் கவனம் இருந்தால் சாலையில் இருக்க முடியாது.

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இந்தக் கரையில், 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, கடலுக்குள் இறங்கியவரின் உயிர் தோணியில் கயிற்றைப் பிடித்து நின்றவரின் கவனத்தில் இருந்தது. கீழே இருப்பவர் சிப்பியைப் பார்ப்பார்; மேலே இருப்பவர் அவரைப் பார்ப்பார். நெடுஞ்சாலையில் டயருக்கு அடியில் குனிந்திருப்பவருக்கு அப்படி யாரும் இல்லை. பின்னால் வரும் முன்பின் தெரியாத ஓட்டுநர்தான் அவருக்காகக் கயிறு பிடிக்கிறார்.

டிம் லைட்டின் எல்லை

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. கண் பார்த்து, மனம் புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 33 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகு காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, முழு பிரேக்கில் நிற்க இன்னும் 35 மீட்டராவது வேண்டும். மொத்தம் எழுபது மீட்டருக்குச் சற்றுக் குறைவு. டிம் லைட் தெளிவாகக் காட்டும் தூரம் பொதுவாக 40, 50 மீட்டர்தான். ஆக, டிம் லைட்டில் 80-இல் போகிறவர், விளக்கு இல்லாமல் நிற்கும் லாரியைத் தன் வெளிச்சத்தில் பார்த்த பிறகு மோதாமல் நிற்க முடியாது. திறமைக்கு இங்கே வேலை இல்லை.

மழை ஈரத்தில் இந்தத் தூரம் தொண்ணூறைத் தொடும். சுமை ஏற்றிய லாரிக்குக் காய்ந்த சாலையிலேயே அந்த அளவு ஆகும்.

அதே கார் 40-இல் போனால் இருபத்தைந்து, இருபத்தாறு மீட்டரில் நின்றுவிடும். வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால் பங்காகிறது. ஓரத்தில் ஆள் வேலை செய்யும் இடத்தை 40-க்கு மேல் கடக்கக் கூடாது என்று இந்நூல் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை. நெடுஞ்சாலையில் அது எரிச்சலூட்டும் அளவுக்குக் குறைவாகத் தோன்றும். ஆனால் அந்த வேகத்தில் கடக்க வேண்டிய தூரம் பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டர்தான். ஒரு பயணத்தில் சில நொடிகளுக்கு மேல் இழப்பில்லை.

தூத்துக்குடிச் சாலைகளில் இன்னொரு சங்கடம் உண்டு. லாரிகளில் பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்பக்கம் வெள்ளை என்று ஒளி திருப்பும் பட்டைகள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. நிலக்கரியும் உப்பும் சுமக்கும் வண்டிகளில் அவை மேல் தூசி அப்பிக்கிடக்கும். துணியால் துடைக்காதவரை இருந்தும் இல்லாததுதான். அதனால் இரவில் பின்விளக்கு எரியாத ஒரு கறுத்த உருவம், வானத்தின் மங்கல் ஒளியில் ஒரு செவ்வகமாகத்தான் தெரியும். எதிரே வரும் ஒளியோ சாலையோரக் கடை விளக்கோ திடீரென மறைந்து மறுபடி தெரிந்தால் நடுவே ஏதோ நிற்கிறது என்று கொள்ள வேண்டும்.

நான்கு வழிச் சாலையில்

நம் நாட்டில் பழுதான வண்டி இடது ஓரத்தில் நிற்கும். அதனால் கடப்பவர் போக வேண்டியது வலதுத் தடம். இதில் தவறுகிற இடம், தடம் மாறும் நேரம். கிரேனுக்கு முப்பது மீட்டர் முன்னால் வந்து ஸ்டியரிங்கை வெட்டுவது, நின்ற வண்டியை விடவும் அபாயமானது. ஏற்கெனவே வலதுத் தடத்தில் வருகிற சொகுசுப் பேருந்துக்கு அது தெரியாது.

விளக்கைக் கண்டதும் ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுக்க வேண்டும். வலது கண்ணாடியையும் உள்கண்ணாடியையும் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, இடம் இருந்தால் இருநூறு மீட்டர் முன்னதாகவே வலதுத் தடத்துக்குப் போய்விட வேண்டும். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தாமல் இரண்டு மூன்று முறை தொட்டு விட்டால், பின்னால் வருபவருக்குச் சிவப்பு விளக்கு மின்னி எச்சரிக்கும். ஹைபீம் எரிந்தால் டிம் பண்ண வேண்டும். வேலை செய்பவர் திரும்பிப் பார்க்கும்போது கண் கூசினால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நிற்பார்.

வலதுத் தடத்தில் இடம் கிடைக்காவிட்டால்? பக்கத்தில் ட்ரெய்லர் வந்துகொண்டிருக்கிறது, அவருக்கு முந்திப் போய்விடலாம் என்ற ஆசைதான் பல உயிர்களை எடுத்திருக்கிறது. இடதுத் தடத்திலேயே இருந்து, தேவையானால் நடைவேகத்துக்குக் குறைத்து, ட்ரெய்லரைப் போகவிட்டுப் பிறகு கடக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் வருபவர்கள் பழுது வண்டிக்கும் சாலையோரத் தடுப்புக்கும் இடையே உள்ள சந்தில் புகுந்து போகவே கூடாது. ஆட்கள் ஒதுங்கி நிற்கும் இடம் அதுதான். கதவு திறப்பதும், ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாம் கிடப்பதும் அங்கேதான்.

கடக்கும்போது பார்க்க வேண்டியது வண்டிக்குக் கீழே. டயர்களுக்கு நடுவில் கால் தெரிகிறதா, டார்ச் வெளிச்சம் அசைகிறதா என்று ஒரு கணம் பார்த்தால், மறுபக்கத்திலிருந்து ஆள் வெளிப்படப் போவது முன்கூட்டியே தெரியும். ஒரு வண்டியைக் கடந்ததும் வேகம் எடுத்துவிடக் கூடாது. ஆம்புலன்ஸ் இருக்கும் இடத்தில் போலீஸ் வண்டி அதற்கு ஐம்பது மீட்டர் முன்னால் நிற்கலாம், அதற்கும் முன்னால் மோதிய வண்டியும் அதன் உடைந்த துண்டுகளும் கிடக்கலாம். கடைசி ஆளையும் கடந்த பிறகே வேகம்.

வல்லநாட்டுத் தாமிரபரணிப் பாலம்போல ஒதுங்க இடமில்லாத இடங்களைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும். பாலத்தில் ஏற்பட்ட பழுதினால் அங்கே பலமுறை ஒரே பாலத்தில் இருபக்கப் போக்குவரத்தையும் திருப்பி விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாளில் பாலத்தின் மேல் ஒரு லாரி நின்றுவிட்டால் நான்கு வழிச் சாலை என்ற நினைப்பையே விட்டுவிட வேண்டும்.

திருச்செந்தூர் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும்

முள்ளக்காடு, பழையகாயல், ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று திருச்செந்தூருக்குப் போகும் பாதையிலும், தருவைகுளம், வேம்பார் என்று இராமநாதபுரம் பக்கம் போகும் கடற்கரைச் சாலையிலும் பெரும்பகுதி நடுத்தடுப்பு கிடையாது. நின்ற வண்டியைக் கடக்க எதிர்த் தடத்தைத் தொட்டே ஆக வேண்டும். இங்கே விதி எளிது: எதிரே வருபவர் கடந்து போகும்வரை பின்னால் நின்று காத்திருக்க வேண்டும். நிற்க வேண்டியது நின்ற வண்டியின் முதுகை ஒட்டி அல்ல. எதிரே பார்க்க வாகாகவும், பின்னால் வருபவர் மோதினாலும் முன்னால் உள்ள ஆட்கள் மேல் போய் விழாதபடியும் இரண்டு மூன்று கார் நீளம் தள்ளி நிற்க வேண்டும். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும்.

மீன் ஏற்றிய வேன்கள் இந்தக் கரையில் அவசரம் மிகுந்தவை. ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும். அவை சொட்டிக்கொண்டே போகும் மீன் தண்ணீர் சாலையில் வழுவழுப்பான பூச்சாகப் படியும். நின்றுபோன மீன் வண்டிக்குப் பின்னால் அந்தத் தண்ணீர் தேங்கியே இருக்கும். இருசக்கர வாகனம் அதன்மேல் பிரேக் பிடித்தால் சறுக்கும். அந்த ஈரத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன்மேல் பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும்.

தைப்பூசம், வைகாசி விசாகம், கந்த சஷ்டிக் காலங்களில் திருச்செந்தூருக்குப் பச்சை உடுத்தி நடந்து வரும் பக்தர்கள் இரவெல்லாம் சாலையோரத்தில் இருப்பார்கள். அவர்களோடு தண்ணீர் வண்டி, சமையல் வேன், முருகன் பாட்டு ஒலிக்கும் குட்டி யானை எல்லாம் வரும். இவை ஆம்புலன்ஸ் இல்லை, மீட்பு வண்டியும் இல்லை. ஆனாலும் அதே மரியாதையோடு கடக்க வேண்டியவை. வண்டி நின்றால் அதைச் சுற்றி ஆட்கள் கூடுவார்கள், கால் வலியில் சாலை விளிம்பிலேயே உட்காருவார்கள். போலீஸார் அவர்கள் பைகளில் ஒளிரும் பட்டை ஒட்டி அனுப்புவதுண்டு. ஒரு மினுக்கம் தெரிந்தால் அதற்குப் பின்னால் முப்பது பேர் இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். குலசேகரன்பட்டினம் தசராவின்போதும் இதே நிலைதான்.

வெள்ளம் வந்தால் கணக்கு மாறும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கிக்கொண்டது. சாலைகள் பல இடங்களில் அரித்துப் போயின. அப்படியான நாட்களில் மீட்பு வண்டிகள் நீருக்குள்ளேயே நின்று வேலை செய்யும். பக்கத்தில் வேகமாகப் போகும் ஜீப் கிளப்பும் அலை, முழங்கால் நீரில் நிற்பவரைத் தள்ளிவிடப் போதும். நடைவேகம், அதற்கு மேல் வேண்டாம். முடிந்தால் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது இன்னும் நல்லது.

கிரேன், கம்பி வடம், காற்றாலை இறக்கை

சாய்ந்த ட்ரெய்லரை நிமிர்த்தும் இடத்தில் ஓட்டுநர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு, கிரேனுக்கும் சாய்ந்த வண்டிக்கும் நடுவே வழி இருப்பதாக நினைத்துப் புகுவது. அந்த இடைவெளியில் கம்பி வடம் ஓடுகிறது. பகலிலேயே மெல்லிய கோடாகத்தான் தெரியும், இரவில் தெரியவே தெரியாது. பல டன் இழுவையில் விறைத்து நிற்கும் வடம் அறுந்தால் சாட்டையாக வீசும். வடத்தின் இரு நுனிகளிலிருந்தும் அதன் நீளத்துக்குக் குறையாத தூரம் விலகி இருக்க வேண்டும் என்பது கிரேன்காரர்கள் தங்கள் உதவியாளர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். சாலையில் போகிறவருக்கும் அது பொருந்தும். கொடி காட்டுபவர் கை காட்டும்வரை நிற்பதுதான் வழி. கிரேனின் கை சுழலும்போது அதன் பின்பக்க எடையும் எதிர்த்திசையில் சுழன்று அடுத்த தடத்துக்குள் வரும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியாகும் காற்றாலை இறக்கைகளில் 80 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. அவற்றைச் சுமந்து வரும் வண்டி ஒரு திருப்பத்தில் திரும்ப, முன்னும் பின்னும் மஞ்சள் விளக்கோடு வரும் துணை வண்டிகள் சாலையை மறித்து நிற்கும். இறக்கையின் நுனி வண்டியின் கடைசிச் சக்கரத்துக்கு வெகு தூரம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி இடது திரும்பினால் நுனி வலது பக்கம் துடைத்துக்கொண்டு போகும். சந்து கிடைத்தது என்று புகுந்த பைக்குக்குத் தலைக்கு மேல்தான் ஆபத்து வரும். அந்தச் சில நிமிடங்களில் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பதே சரி.

வேடிக்கை பார்ப்பவர்கள்

2023 ஜூலை 20, அகமதாபாத்தின் இஸ்கான் மேம்பாலம். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு ஜீப் லாரியின் பின்னால் மோதியது. போலீஸ்காரர் ஒருவரும் ஊர்க்காவல் படைவீரர் ஒருவரும் வந்து விட்டார்கள். வழியில் போனவர்களும் நிறுத்திவிட்டுப் பார்க்கக் கூடினார்கள். அப்போது அசுர வேகத்தில் வந்த ஒரு சொகுசுக் கார் அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். வேலைக்காக வந்த அந்த இருவரும் அதில் அடக்கம்.

காரின் வேகத்துக்கு மன்னிப்பே இல்லை. ஆனால் முதல் மோதல் நடந்த இடத்தில் சாலை காலியாக இருந்திருந்தால் இத்தனை பேர் போயிருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செல்போனில் படம் எடுப்பதற்காக வேகத்தைக் குறைப்பவர், பாதுகாப்புக்காகக் குறைப்பவரைப் போன்றவர் இல்லை. அவர் கண் சாலையில் இல்லை, கால் எப்போது பிரேக்கில் விழும் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. உண்மையாகவே உதவ நினைப்பவர், சம்பவ இடத்தைத் தாண்டி நூறு மீட்டராவது போய், சாலையை விட்டு முழுக்க இறக்கி நிறுத்திவிட்டு, ஓரமாக நடந்து திரும்பி வர வேண்டும். அப்படி உதவுபவரைப் போலீஸார் வழக்கில் இழுக்கக் கூடாது என்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு இருக்கிறது. காயம்பட்டவருக்குத் தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும்.

கவிழ்ந்தது டேங்கர் என்றால் உதவும் எண்ணத்தையும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஸ்பிக் உரத் தொழிற்சாலை, சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா தயாரிக்கும் டி.சி.டபிள்யூ. என்று ரசாயன ஆலைகள் உள்ள கரை இது. அபாயச் சரக்கு டேங்கர்களில் ஒட்டியிருக்கும் பலகையில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 1075 சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1830 கந்தக அமிலம். தூரத்திலிருந்தே அந்த எண்ணைப் படிக்க முடிந்தால் போன் செய்யும்போது சொல்வது தீயணைப்புத் துறைக்குப் பெரிய உதவி. படிப்பதற்காக அருகில் போகக் கூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் விலக வேண்டும். ஆவி தன்னைவிட்டு விலகிப் போகும் திசை தென்னை ஓலையில், கொடியில், புகையில் தெரியும். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து கசிந்தபோது போக்குவரத்தை நிறுத்தி, சுற்றியுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, மணிக்கணக்கில் தண்ணீர் பீய்ச்சினார்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு, 2024 டிசம்பர் 20 அன்று, ஜெய்ப்பூரில் லாரி மோதிக் கசிந்த எரிவாயு டேங்கர் தீப்பிடித்தபோது சுற்றி நின்ற வண்டிகளில் இருந்தவர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

சட்டமும் வழிவிடுதலும்

சைரனோடு ஓடிவரும் தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழிவிடாவிட்டால் 194-இ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-இல் சேர்ந்த பிரிவு இது. அந்த வண்டி போய்ச் சேர்ந்து, நின்று, ஆட்கள் இறங்கி வேலை தொடங்கிய பிறகு அதை எப்படிக் கடக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் இருப்பதுபோலத் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை.

அங்கே அது வந்த கதை கவனிக்கத் தக்கது. 1994-இல் தென் கரோலினாவில் விபத்து இடத்தில் உதவிக்கொண்டிருந்த ஜேம்ஸ் கார்சியா என்ற மருத்துவ உதவியாளரை ஒரு கார் மோதியது. அவர் பிழைத்தார். ஆனால் விசாரணையில் தவறு அவர் மேலேயே போடப்பட்டது. சாலையில் நிற்பவரைக் காக்கும் விதி எதுவும் அப்போது இல்லை. அவர் விடாமல் போராடி, 1996-இல் அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது: அவசர வண்டி நின்றால் அடுத்த தடத்துக்கு விலகு, முடியாவிட்டால் வேகத்தைக் குறை. 2012-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் அப்படிச் சட்டம் வந்துவிட்டது. கடைசியாக வந்தது ஹவாயில். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் நேரடியாக 40 கிலோமீட்டர் என்று எண்ணையே சொல்லிவிட்டது. இங்கும் வர வேண்டிய சட்டம் இது. வண்டி ஓட்டப் பழகும்போதே சொல்லித் தர வேண்டிய பாடமும் இதுதான்.

ஜெர்மனியிடம் கற்க வேண்டியது வேறொன்று. நெடுஞ்சாலையில் போக்குவரத்து தேங்கத் தொடங்கும்போதே, சைரன் கேட்பதற்கு முன்பே, இடதுகோடித் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி நடுவில் ஒரு பாதை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. வாகைக்குளம் சுங்கச்சாவடிக்கோ புதூர் பாண்டியாபுரம் சுங்கச்சாவடிக்கோ அருகில் விபத்து நடந்தால், தேங்கும் வண்டிகள் முதலில் நிரப்புவது இடது ஓரத்தை. ஆம்புலன்ஸும் கிரேனும் வர வேண்டிய வழி அதுதான். அது அடைபட்டால் கிரேன் வராது, கிரேன் வராவிட்டால் லாரி நகராது, எல்லோரும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். தேக்கத்தில் நிற்பவர் தன் தடத்தின் வெளிவிளிம்புக்கு ஒட்டி நின்று, முன் வண்டியோடு கொஞ்சம் இடைவெளி விட்டு, ஓரத்தைக் காலியாக வைத்தாலே போதும்.

இழுத்துப் போகும் வண்டியைக் கடப்பதற்கும் ஒரு சொல். விதிப்படி இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. வேகமும் மிகக் குறைவாகவே இருக்கும். இழுபடும் லாரியில் பிரேக் விளக்கு எரியாது, இன்ஜின் ஓடாததால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியாக வேலை செய்யாது. இரண்டையும் ஒரே வண்டியாகவே கருதி, முழு நீளத்தையும் கடக்க முடியும் என்றால் மட்டும் முந்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒதுங்கிக்கொள்ளலாம் என்று பைக்கில் போகிறவர் நினைத்தால் அங்கே சங்கிலி இருக்கும்.

நிற்பது தன் வண்டியாக இருந்தால்

நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, முடிந்தவரை இடது மண்ணில் இறக்க வேண்டும். எல்லோரையும் இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக்கு அப்பால், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ இல்லாமல் தள்ளி நிற்கச் செய்ய வேண்டும். நாட்றம்பள்ளியில் நடந்தது இதற்குப் போதுமான சாட்சி. புது வண்டியோடு தரும் சிவப்பு முக்கோணத்தை நூறு மீட்டர் பின்னால், வளைவோ பாலமோ இருந்தால் அதற்கும் முன்பே தெரியும்படி வைக்க வேண்டும். ஆடிக்காற்று அம்மியையே நகர்த்தும் என்பார்கள். பிளாஸ்டிக் முக்கோணம் எம்மாத்திரம்? அதன் காலை மண்ணில் ஊன்றியோ மணல் பையை வைத்தோ அழுத்த வேண்டும். முக்கோணம் இல்லாத லாரிக்காரர்கள் உடைமரக் கொப்பை ஒடித்துப் பின்னால் கட்டுவார்கள், வரிசையாகக் கல் வைப்பார்கள். கொப்பு பகலில் உதவும். கல்லோ இரவில் பைக்காரரைக் கவிழ்க்கும். லாரி போன பிறகும் பல நாள் அங்கேயே கிடக்கும். கல் வைத்தவரே எடுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. காயம் என்றால் 108, வேறு எந்த அவசரத்துக்கும் 112. “வாகைக்குளம் தாண்டி கொஞ்ச தூரம்” என்று சொன்னால் கிரேன் தேடிக்கொண்டு வரும். பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண், எந்தத் திசையில் போகும் தடம், ஆள் சிக்கியிருக்கிறார்களா, வண்டி சாலையை எவ்வளவு அடைத்திருக்கிறது என்ற நான்கையும் சொன்னால் எந்த வண்டியை அனுப்ப வேண்டும் என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியைக் கடந்து வந்தவரும், அடுத்த சுங்கச்சாவடியில் பணம் எடுபடும் அந்த நேரத்தில் ஊழியரிடம் அந்தக் கல்லின் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகலாம். ரோந்து வண்டி கூம்புகளோடு கிளம்ப அது போதும்.